மூன்றாம் வரிசையில் ஒரு வெளிச்சம்

அக்டோபர் 6, 2008
மாநிலச் சிறை, நெப்ராஸ்கா

அன்புள்ள ரோண்டா அக்காவுக்கு,

நலம். இங்கே சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

ஜனெல் கல்லூரி நாடகத்தில் நடிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளா? விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிகிற பிள்ளையா? அவள் அம்மா கொலீன் போனதிலிருந்து நான் அவளைப் பார்க்கவில்லை. என் கடிதங்களை அவள் பிரிப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். எனக்காகப் போய் வாருங்கள் அக்கா. பார்த்ததை எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
டேரல்

அக்டோபர் 18

அன்புள்ள தம்பி டேரலுக்கு,

நேற்று முதல் காட்சி. டிக்கெட் வாங்காமலே போனேன். இருக்கை காட்டும் தொண்டர்கள் குறைவாம், கையில் டார்ச்சைக் கொடுத்து மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டம் என்று பார்த்தால் பெற்றோர்கள், ஓய்வு பெற்றவர்கள், எலுமிச்சை கேக் விற்கிற பெண்கள். அவ்வளவுதான்.

உன் மகளுக்குப் பண்ணை வீட்டு விதவை வேடம். பத்தொன்பது வயதுக்காரி தலையில் மாவைக் கொட்டிக்கொண்டு கிழவியாக வருகிறாள். அவளுக்கு மகனாக வருகிறவர், மாலை வகுப்பில் சேர்ந்திருக்கும் அறுபது வயதுத் தபால்காரர்! அவர் "அம்மா" என்று கூப்பிட்டதும் சபையே சிரித்துவிட்டது. அவள் மட்டும் அசையவில்லை. அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அந்த நரைத்த தலையோடு பார்த்தபோது, கொலீனுக்கு வயதாகியிருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். வீடு வரை அழுதுகொண்டேதான் காரை ஓட்டினேன்.

உன் அக்கா,
ரோண்டா

அக்டோபர் 23

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அன்று நான் குடித்துவிட்டு ஓட்டாமல் இருந்திருந்தால் கொலீன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாள். இதை எழுதி என்ன பயன்? எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்னும் வேண்டும் அக்கா. எப்படி நடக்கிறாள், கையை எங்கே வைத்துக்கொள்கிறாள், குரல் யாருடையது போலிருக்கிறது? வீட்டுக்குப் போய் எழுதினால் உங்களுக்கு மறந்துவிடும். அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

டேரல்

நவம்பர் 1, காலை

தம்பி டேரலுக்கு,

நீ கேட்டபடியே செய்தேன். செய்திருக்கக் கூடாது.

நேற்று இரண்டாம் அங்கத்தில், அந்த விதவை இறந்த கணவனின் சட்டையை மடிக்கும் இடத்தில், மடியில் டார்ச்சைப் பொத்தி வைத்துக்கொண்டு நிகழ்ச்சித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன அரங்கில் மேடையிலிருந்து எல்லாமே தெரியும் போல. தலை நிமிர்ந்தவள் என் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான், வசனம் போய்விட்டது. சட்டையை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். பேச்சு வரவில்லை. தபால்காரர்தான் ஏதோ சொல்லி ஒப்பேற்றினார்.

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வாசல் கூடத்தில் வரிசையாக நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார்கள். என் முறை வந்தது. கையை விடாமல் கேட்டாள்:

"அத்தை, அந்த வெளிச்சம் நீங்கதானே?"

"ஆமாடி."

"அவருக்கா எழுதுனீங்க?"

பொய் சொல்ல வரவில்லை எனக்கு.

"அம்மாவத்தான் பறிச்சாச்சு. இது ஒண்ணாவது எனக்குன்னு இருக்கட்டுமே அத்தை. நீங்க அங்க உக்காந்து எழுதினா, அவரே வந்து உக்காந்த மாதிரி இருக்கு. வாய் வரமாட்டேங்குது."

"உள்ள கெடந்து தவிக்கிறான்டி."

"தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? நாளைக்குக் கடைசி ஆட்டம், வாங்க. எனக்காக வாங்க. ஆனா இனிமே என்னைப் பத்தி ஒரு வரிகூட அவருக்குப் போகக் கூடாது."

பின்னால் ஆட்கள் கேக்கும் கையுமாக நின்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இதுதான் கடைசி வரி, டேரல். இதையும் எழுதியிருக்கக் கூடாதுதான். ஏன் நிறுத்திவிட்டேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

ரோண்டா

நவம்பர் 7

அன்புள்ள அக்கா,

அவள் சொன்னது நியாயம். இங்கிருந்தே அவளுடைய வாயை அடைத்துவிட்டேன் பாருங்கள். பூட்டி வைத்தும் என்னால் இது முடிகிறது.

இனி எதுவும் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும். சனிக்கிழமை அந்தச் சட்டை மடிக்கும் இடத்தில் வசனம் வந்ததா? வந்தது, வரவில்லை, ஒரே வார்த்தை போதும். அது தெரியாமல் படுக்க முடியவில்லை அக்கா.

டேரல்

நவம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கார் டயரை மாற்ற வேண்டும். முழங்கால் வலி பரவாயில்லை. நன்றிப் பெருநாள் விருந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், பூசணிப் பலகாரம் சுட்டுக் கொண்டுபோகிறேன். உனக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன். இருமல் இருந்தால் மறைக்காமல் மருந்து கேட்டு வாங்கு.

நீ கேட்டதைப் படித்தேன். கடைசி ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன்.

உன் அக்கா,
ரோண்டா