எலிசாள் மறைத்த பெண்

4.8.1997
காலையிலிருந்து மழை. எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டின் களப்பணி அறிக்கைகளைப் பார்த்து முடித்தேன். பாதிப் பேர் பஸ்ஸில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடம் சமூகப்பணி சொல்லிக்கொடுத்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

ஜெஸ்லினுடையது மட்டும் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. களியக்காவிளைப் பெண். இந்த மலையாள ஊரில் என்னிடம் தமிழில் பேசும் ஒரே மாணவி. மணக்காட்டுக்கு அப்பால் ஒரு பெண்கள் காப்பகத்தில் அவளுக்குக் களப்பணி போட்டிருக்கிறேன். வேலைக்கு நின்ற வீட்டிலிருந்து ஓடிவந்த பிள்ளைகள், புருஷன் விரட்டிவிட்டவர்கள், இப்படி.

“அங்கே எல்லாரிடமும் பேசினாயா?”

“பேசினேன் டீச்சர். மாடியில இருக்கப்பட்ட பிள்ளைகிட்ட மட்டும்…” நிறுத்திவிட்டாள்.

“எந்தப் பிள்ளை?”

“இல்ல டீச்சர். மாடியில ஆருமில்ல.”

அவள் முகம் சிவந்துபோயிற்று. எதற்கு?

7.8.1997
சொல்லாமல் கொள்ளாமல் காப்பகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் எலிசாள் வாசலுக்கே வந்துவிட்டாள். மார்த்தாண்டத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும். கையில் எப்போதும் சாவிக்கொத்து. சிரிக்கவே மாட்டாள்.

“டீச்சர் வருவீங்கன்னு சொல்லவே இல்லியே.”

கீழே உள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினாள். நான் மாடியைப் பார்த்தேன். “மேல யாரு?”

“சுடலைமாடத்தின்னு ஒரு பிள்ளை. குளிக்கப் போயிருக்கா.”

குளியலறை கீழே, கொல்லைப்பக்கம் இருக்கிறது. எனக்குத் தெரியாதா?

8.8.1997
ஜெஸ்லின் இன்று வகுப்பில் என் கண்ணையே பார்க்கவில்லை.

20.8.1997
மறுபடி போனேன். இந்தத் தடவை சுடலைமாடத்தி ஜெபத்துக்குப் போயிருக்கிறாளாம். மாடிப்படிக் கதவில் பூட்டு. நான் கேட்டதும் எலிசாள் சாவிக்கொத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

இது எனக்குப் புதிதில்லை. காப்பகம் என்று பலகை மாட்டிவிட்டுப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணும் பகலில் எங்கேயாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் எதற்குப் பூட்டு? ஜெஸ்லினுக்கும் தெரியும். என்ன சொல்லி அவள் வாயை அடைத்தார்கள்?

கிளம்பும்போது எலிசாள் கேட்டாள்: “டீச்சர் தனியாத்தான வந்தீங்க? காலேஜில வேற ஆரும் வரல்லியே?”

என்ன கேள்வி இது?

16.9.1997
ஓண விடுமுறை. ஸ்ரீவராகத்தில் சாம்பசிவன் சார் வீட்டுக்குப் போனேன். சார் எங்கள் துறைத்தலைவர். என் ஆய்வுக்கு வழிகாட்டி. அப்பா போனபின் எனக்கு இந்த வேலை கிடைக்கக் காரணமே அவர்தான். அம்மா இதை மாதம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள்.

காப்பக விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எந்தக் குட்டி? பேர் என்ன?”

சொன்னேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அப்புறம், “இந்த மாதிரி ஸ்தாபனங்களை நம்பப்படாது பாகீரதி. நானே வரேன். நேர்ல பாத்துடலாம்” என்றார்.

பெருமையாக இருந்தது. சிறுவர் உழைப்பைப் பற்றி டெல்லி வரை போய்ப் பேசுகிற மனிதர், என் ஒரு வார்த்தைக்காக வருகிறார்.

சார் வீட்டு மாமி ஏனோ காப்பி கொண்டு வைத்ததும் உள்ளே போய்விட்டாள். எப்போதும் உட்கார்ந்து பேசுகிறவள்.

23.9.1997
சாரின் காரில் போனோம். எலிசாள் எங்களைப் பார்த்ததும் நடைவாசலில் குறுக்கே நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“சார் உள்ள வரப்பிடாது. பெண்பிள்ளைக இருக்கப்பட்ட இடம்.”

சார் சிரித்தார். தான் யார் என்று சொன்னார். “ஆரா இருந்தாலும் வரப்பிடாது” என்றாள் அவள். நான் அதட்டினேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு சத்தமாக. அவள் அசையவில்லை.

அந்த நேரத்தில் மாடியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. யாரோ ஓடும் சத்தம். சார் மேலே பார்த்தார். “சரி, போலாம்” என்றார்.

அவ்வளவுதானா? நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தவர்! அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொல்லக்கூட இல்லை.

திரும்பும் வழியெல்லாம் ஜனவரியில் வரும் என் பதவி உயர்வைப் பற்றி, ரீடர் பதவி நேர்காணலைப் பற்றியே பேசினார். “நான் இருக்கேன், நீ கவலைப்படாதே. இந்த விஷயத்தை எங்கிட்ட விட்டுடு. ஜெஸ்லினை வேற எடத்துக்கு மாத்திடு.”

காப்பகத்தையும் என் பதவியையும் ஏன் ஒரே மூச்சில் சொன்னார்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? — நான்தான் எதையெதையோ முடிச்சுப் போடுகிறேனா?

24.9.1997
சாயங்காலம் கரமனை வீட்டு வாசலில் எலிசாள். பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அவரையே கூட்டிட்டு வந்திட்டீங்களே டீச்சர்.”

“யாரை?”

“அந்தப் பிள்ளை ஓடிவந்ததே உங்க சாருக்க வீட்டுல இருந்துதான்.”

உள்ளே அம்மா தாளித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது.

எலிசாள் மெதுவாகத்தான் பேசினாள். சுடலைமாடத்திக்கு ஊர் வள்ளியூர் பக்கம். அப்பனும் அம்மையும் இல்லை. ஸ்ரீவராகத்தில் அந்த வீட்டில் மூன்று வருடம் வேலைக்கு நின்றிருக்கிறாள். மே மாதம் ஓடிவந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டிருந்தவளை யாரோ காப்பகத்தில் கொண்டுவிட்டார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று ஜெஸ்லினிடமும் எலிசாள் சொல்லிவைத்திருக்கிறாள்.

“நீங்க மொதல்ல வந்தன்னைக்கு ஜன்னல் வழியா உங்களைப் பாத்தா. பாத்ததும் கட்டிலுக்க அடியில போய் ஒளிஞ்சிட்டா. ‘இந்த டீச்சர் அங்க வருவாங்க’ன்னு ஒரே விறையல். நீங்க அவருக்க ஆளுன்னுதான் நானும் நெனச்சேன். நேத்து உறுதியாச்சு.”

“பின் ஏன் இங்கே வந்தீர்கள்?”

“ஜெஸ்லின்தான் சொன்னா. டீச்சருக்குத் தெரியாது, தெரிஞ்சா சும்மா இருக்கமாட்டாங்கன்னு. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா அவரு எடத்தைப் பாத்துட்டாரு. இனி எனக்கு வேற வழியில்ல.”

அவள் போனதும் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “சாம்பசிவனா? இவா சொல்றதை நம்பறயா நீ? தன் திருட்டை மறைக்க யார் தலையிலயாவது போடறாளாக்கும்.”

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

26.9.1997
எலிசாள் பொய் சொல்லலாம். நன்றாகச் சொல்லக்கூடியவள்தான்.
ஆனால் ‘எந்தக் குட்டி’ என்று அவர் கேட்ட விதம்.
மாமி ஏன் எழுந்து போனாள்?

யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. இன்று வகுப்பில் பாடமே ‘நம்பிக்கை உறவு’. பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

2.10.1997
விடுமுறை. காப்பகத்துக்குப் போனேன். எலிசாள் மாடிக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஒல்லியான பெண். பதினாறு வயது என்கிறார்கள், பார்த்தால் சொல்லமுடியாது. சுவரோரம் ஒட்டி நின்றாள். நான் தரையில் உட்கார்ந்தேன். சோதிக்கத்தான் போயிருந்தேன், மறைப்பானேன். அந்த வீட்டை எனக்கு மூலை மூலையாகத் தெரியும். ஒரு தப்பு சொன்னால் பிடித்துவிடலாம் என்று இருந்தேன்.

“என்னை நீ பார்த்திருக்கிறாயா?”

“காப்பி கொண்டு தந்திருக்கேன். நெறைய தடவை.”

எனக்கு அந்த முகம் ஞாபகத்தில் இல்லை.

“ஒரு நா நீங்க பெரிய பேப்பர்க்கட்டு கொண்டுட்டு வந்தீங்க. உங்க கை தட்டி காப்பி அது மேல கொட்டிட்டு. நான் துணி கொண்டாந்து தொடச்சேன். சார் என்னைய ஏசினாரு.”

கொட்டியது. என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம். பழந்துணியோடு ஒரு கை மேசைமேல் வேகமாக ஓடியது. சார் ‘சனியனே’ என்று கத்தினார். நான் ‘பரவாயில்லை சார், நான்தான்’ என்று சொல்லிவிட்டு அத்தியாயத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கு மேல் ஒரு முகம் இருந்திருக்கும். பார்க்கவில்லை.

“அப்புறம்?”

“நீங்க போன பொறவு கரண்டியக் காய்ச்சி வச்சாரு.” தாவணியை விலக்கி முழங்கைக்கு மேலே காட்டினாள். தழும்பு ஒன்றல்ல. பழையதும் புதியதுமாக. “அன்னைக்கு சாமான் முறியில போட்டுப் பூட்டிட்டாங்க. ரெண்டு பேரும் கலியாணத்துக்குப் போயிட்டாங்க.”

“மாமி ஒன்றும் சொல்லவில்லையா?”

“மாமி பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு.”

கீழே இறங்கி வந்தேன். எலிசாள் தண்ணீர் தந்தாள். குடித்தேன்.

6.10.1997
எலிசாள் போலீஸில் புகார் கொடுத்துவிட்டாள். அப்படி ஒரு பெண் தன் வீட்டில் வேலைக்கு இருந்ததே இல்லை என்று சார் எழுதிக்கொடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்து வீடுகளில் யாரும் எதையும் பார்த்ததில்லையாம்.

அவளை அந்த வீட்டில் பார்த்தவள் என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

8.10.1997
சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. குரலும் உயரவில்லை.

“அவ மூஞ்சி நோக்கு ஞாபகம் இருக்கோ?”

“இல்லை சார்.”

“பின்னே? நாளைக்குக் கோர்ட்ல கேட்டா என்ன சொல்லுவே? யாரோ சொல்லிக்கொடுத்ததையா?”

“காப்பி கொட்டினது ஞாபகம் இருக்கு. அவ தொடச்சது ஞாபகம் இருக்கு. நீங்க கத்தினது இருக்கு.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்கப்பா இருந்திருந்தா ரொம்ப சங்கடப்பட்டிருப்பார்” என்றார்.

வெளியே வந்து கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாக்குமூலம் கொடுத்தால் ரீடர் பதவி இல்லை. அது மட்டுமா? இந்த ஊரில் எந்தக் கல்லூரியில் அவருடைய மாணவர் இல்லை?

நாலாம் அத்தியாயத்தை அவர் எவ்வளவு பொறுமையாகத் திருத்தித் தந்தார். அதுவும் பொய்யில்லையே. ஒரே மனுஷனா இது? ஒரே கையா?

10.10.1997
ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்தேன். அம்மா சாப்பிடவில்லை.

12.11.1997
துறையில் என்னோடு யாரும் டீ குடிக்க வருவதில்லை. நான் நுழைந்ததும் பேச்சு மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஒருவர் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டார்: “தலைவர் நாற்காலிக்குத்தானே டீச்சரே இதெல்லாம்?”

இத்தனை நாள் நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். இப்போது என் முறை.

27.1.1998
ரீடர் பதவி வேறொருவருக்கு. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா கதவைத் தட்டினாள். “போனா போறது. வெளில வா. ரசம் ஆறிடும்” என்றாள். அக்டோபருக்குப் பிறகு அவளாக என்னோடு பேசியது இதுதான் முதல்.

18.3.1999
இன்று கோர்ட்டில் என் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “பதவி கிடைக்காத ஆத்திரத்தில் சொல்கிறீர்கள், அல்லவா?” வாக்குமூலம் கொடுத்தது அதற்கு முந்தைய அக்டோபர் என்றேன். “கிடைக்காது என்று முன்பே தெரிந்திருக்கும்” என்றார்.

என்ன சொன்னாலும் அதற்கு ஒரு மறுபக்கம் வைத்திருக்கிறார். நானும் அப்படித்தானே எலிசாளிடம்.

சுடலைமாடத்தி கூண்டில் ஏறி எல்லாவற்றையும் தானாகவே சொன்னாள். ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி வரவில்லை.

9.7.1999
தீர்ப்பு. குற்றம் உறுதி. சிறைத்தண்டனை, அதுவும் கொஞ்ச காலம்தான். அன்றே ஜாமீனில் வெளியே வந்து அப்பீலும் போட்டுவிட்டார். பத்திரிகையில் உள்பக்கத்தில் நாலு வரி.

ஜெஸ்லின் ஃபோனில் அழுதாள். சந்தோஷமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

5.6.2000
நாகர்கோவிலில் புதிய வேலை. சிறிய கல்லூரி. சம்பளம் குறைவு, மாணவர்கள் கெட்டி. அம்மாவையும் அழைத்து வந்துவிட்டேன். இங்கே யாருக்கும் என் கதை தெரியாது. ஒருவேளை தெரிந்தும் பேசாமல் இருக்கிறார்களோ?

14.10.2001
ஞாயிறு. மத்தியானம் சுடலைமாடத்தி வந்தாள். தனியாக. வடசேரியில் ஒரு தையல் கடையில் வேலையாம். எலிசாள் சொல்லி நான் இங்கே இருப்பது தெரிந்ததாம். நன்றாகச் சதை பிடித்திருக்கிறாள். முழுக்கை ரவிக்கை, தானே தைத்தது.

அம்மா தோசை வார்த்துப் போட்டாள். “இன்னும் ஒண்ணு போட்டுக்கோ” என்று மூன்று தடவை சொன்னாள்.

பேச அதிகம் ஒன்றும் இல்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“ஒண்ணு கேக்கட்டா? வக்கீல் அன்னைக்குச் சொன்னாரில்ல. நீங்க எனக்காகச் சாட்சி சொன்னீங்களா, அவரு மேல உள்ள கோவத்துல சொன்னீங்களா?”

கோபித்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

‘உனக்காகத்தான்’ என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நாலு வருடமாக நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற ஆத்திரம் எவ்வளவு, இந்தப் பெண் எவ்வளவு? பிரித்துப் பார்த்தால் எது மிஞ்சும்?

“தெரியலை” என்றேன்.

என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு குடையை விரித்தாள்.

“சாரமில்ல, இருக்கட்டும். சொன்னீங்கல்லா.”

தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் இனி மறக்காது.