நான் அவிழ்க்காமல் வந்த மாடு

அண்ணி,

நேற்றுக் கூர் நகருக்குள் நுழையும் வீதியில் காரை மறித்துவிட்டார்கள். பயிற்சி முடிந்து இந்த நாட்டு இராணுவக் கவச வண்டிகள் வரிசையாகப் போயின. கண்ணாடியை மூடியும் டீசல் புகை உள்ளே வந்தது. மேலே நின்ற சிப்பாய் ஒருவன் சிரித்துக் கைகாட்டினான். ஐம்பது வயது மனிதனுக்கு வெட்கக்கேடுதான், ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

நீங்கள் இல்லாத வீட்டைத் துப்புரவாக்க உங்கள் மகளுக்கு உதவத்தான் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் எழுதச் சொல்லியிருக்கிறாள். "சித்தப்பா, அம்மாவைப் பற்றி உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும், நீங்களே எழுதுங்கோ." தெரியும். அதுதான் என் வில்லங்கம்.

போர்க்காலத்தில், ஊரை விட்டு ஓடுமுன் அந்த மூன்று நாள்களும் புகைதான் எங்களுக்குச் செய்தி. முதல் நாள் கடற்கரைப் பக்கம் எழும்பியது. மறுநாள் பக்கத்து ஊர். இராணுவம் வரும் வழியில் வேலி, வீடு, வாழைத்தோட்டம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஓடிவந்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலை எங்கள் ஊரில் காகச் சத்தம்கூட இல்லை. நீங்கள் அரிசியையும் காணி உறுதிப் பத்திரத்தையும் மூட்டை கட்டினீர்கள். இடம்பெயரும்போது மாட்டைக் கட்டியபடி விட்டுப்போவதை எங்கள் ஆட்கள் பெரும் பாவமாக நினைப்பார்கள். "தம்பி, ஓடிப்போய் மாட்டை அவிட்டுவிடு" என்றீர்கள். கொட்டில் வாசல்வரை போனேன். அடுத்த வளவில் ஷெல் விழுந்தது. திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

இரண்டு மைல் நடந்த பிறகு அண்ணன் கேட்டார்: "மாட்டை அவிட்டாச்சோ?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். எனக்குப் பதினாறு வயது. அண்ணனின் கை நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். "ஐயோ, நான்தான் மறந்து போனன்" என்றீர்கள். ஏசுவார், அதோடு முடியும் என்று நினைத்திருப்பீர்கள். அவர் சைக்கிளைத் திருப்பினார்.

"அரை மணித்தியாலத்திலை வாறன்."

நாங்கள் ஊர் திரும்பியபோது கொட்டில் சாம்பலாகக் கிடந்தது. அண்ணனின் உடலைக் கிணற்றடியில் கண்டோம். மாடு ஒழுங்கையில் மேய்ந்துகொண்டு நின்றது.

"மாட்டுக்காகப் புருசனை அனுப்பினவள்" என்று என் அம்மா உங்களைச் சொன்னபோது மகள் உங்கள் வயிற்றில் இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் கலியாண வீடுகளில் அந்தக் கதை உங்களுக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை முடிந்து வந்த ஒரு நாள் கேட்டேன்: "அண்ணி, உண்மையைச் சொல்லிவிடட்டோ?"

"மாமிக்கு மிஞ்சியிருக்கிறது நீ ஒருத்தன்தான். விடு."

விட்டேன். அம்மா செத்த பிறகும் விட்டபடியே இருந்தேன். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, என் கோழைத்தனம்தான் பொறுப்பு.

பதினான்கு வயதில் யாரோ சொல்லக் கேட்டு, மகள் ஒரு மாதம் உங்களோடு கதைக்கவில்லை. "ஏனம்மா மறந்தனீங்கள்?" என்று என் முன்னால்தான் கேட்டாள். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை.

நினைவு மலருக்கு வரும் எழுத்தையெல்லாம் பிழை திருத்துவது அவள்தான். தமிழ் வாசிக்க நீங்கள் அவ்வளவு நன்றாகப் படிப்பித்திருக்கிறீர்கள். நாளை காலை இதை அவளுக்கு அனுப்புகிறேன். இதை வாசித்த பிறகு அவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாளோ, தெரியாது.