கூடாரத்துக்குள் வைத்த நெருப்பு

என் செல்லத் தம்பி குமரேசா,

உன் முப்பதாம் நாளுக்குக் கடமலைக்குண்டு பஸ் ஸ்டாண்டு சுவரெங்கும் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். மேலே நீ சிரிக்கிறாய். கீழே உன் முதலாளி கைகூப்பி நிற்கிறார். ‘கண்ணீருடன்’ என்று போட்டிருக்கிறது. அவர் அழுது நான் பார்க்கவில்லை. அதனால்தான் ஊரறிய இதை எழுதுகிறேன்.

மலைமேல் கூடாரம் அடித்து வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கும் அவருடைய முகாமில் உனக்கு வேலை கிடைத்தபோது, உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். காட்டோரம் விறகு மூட்டக் கூடாது என்பதால், கேஸில் எரிகிற நெருப்புச் சட்டி ஒன்றை அவர் வாங்கி வந்தார். “புகை இல்ல, சாம்பல் இல்லக்கா. திருகுனா எரியுது, திருகுனா அணையுது” என்று போனில் சிரித்தாய்.

சட்டியோடு வந்த புத்தகத்தை அங்கே நீ ஒருவன்தான் படித்தாய். மூடின இடத்தில் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. குளிருக்குக் கூடாரத்துக்குள் அதைக் கேட்டவர்களிடம், “வெளிய வச்சே காயுங்க சார்” என்று மறுத்து, அதற்காக முதலாளியிடம் திட்டும் வாங்கினாய். அப்படிப்பட்டவன் ஏன்டா அன்றைக்கு உள்ளே வைத்தாய்?

ஐப்பசி மழை. சாயங்காலம் வரப்போகிற கூட்டத்துக்கான போர்வைகள் எல்லாம் நனைந்துவிட்டன. நாலு மணிக்கு டீ எடுத்துவந்த சமையல்காரர் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தபோது சட்டி எரிந்துகொண்டிருந்ததாம். போர்வைகள் காய்ந்திருந்தன. நீ எழுந்திருக்கவில்லை. வாசமே இல்லாத விஷக்காற்று என்றார் டாக்டர்.

உன் உடல் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே முதலாளி ஒரு தாளோடு வந்தார். “அவனாத்தான் குளிருக்கு உள்ள கொண்டு போயிருக்கான். கேசு, விசாரணைன்னு போனா ஒடம்ப வாங்க அலைய விடுவாக, பாத்துக்க” என்றார். உன் மச்சான் என் கையில் பேனாவைத் திணித்தார். ‘அவனுடைய சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அங்கே கூடாரமெல்லாம் நிறைந்து கிடக்கிறது. அவர்களை ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டுவது யார் தெரியுமா? உன் மச்சான்தான். அந்தத் தாளுக்கு அடுத்த வாரமே வேலை கொடுத்தார்கள். அந்தச் சம்பளச் சோற்றைத்தான் நானும் தின்கிறேன்.

நேற்றுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று என் போனில் இருக்கிறது. அன்று மதியம் நீ பேசி அனுப்பியது. “அக்கா, மொதலாளி சட்டிய உள்ள வச்சு, ஜிப்ப மூடிட்டு, கூடவே இருந்து போர்வையக் காயவைக்கச் சொல்றாக. வேணாம்னேன். முடியாட்டி எறங்கிப் போயிருன்றாக. என்னக்கா செய்ய?”

நான் அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் வேலையாக இருந்தேன். கேட்ட வேகத்தில் நானும் பேசியே பதில் அனுப்பினேன். “ஏலே, சொன்னதச் செய்யி. கெடச்ச வேலைய விட்டுப்புட்டு வந்து இங்கன நிக்காத.”

என்னை நம்பித்தானே ஜிப்பை இழுத்து மூடினாய்?

நேற்று உன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன் என்றும் சொன்னேன்.

“ஜீப்பு போயிரும்டி.”

“போகட்டும்.”

“அதப் போட்டுக் காட்டுனா ஒன் கொரலும்தான வரும்? ஊரு ஒன்னயும்தான பேசும்?”

“பேசட்டும்.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

தம்பி, திங்கட்கிழமை நான் தனியாகத்தான் போகிறேன். உன்மேல் போட்ட பழியை என் கையாலேயே மாற்றி எழுதிக் கொடுப்பேன். முதலாளி சொன்னதை மட்டும் கேட்கவைத்துவிட்டு நிறுத்திக்கொள்ள மாட்டேன். நான் சொன்னதையும் அவர்கள் கேட்கட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
அக்கா