மொச்சைக் கடையில் என் முகம்

மார்ச் 3, 1976
எங்கள் பூலாக் சந்தில், சப்ரியின் மொச்சைக் கடையில் சினிமா எடுக்கப் போகிறார்கள். கதை, போலீஸ் கெடுபிடிக் காலத்தைப் பற்றிய ஒரு நாவலாம். கெய்ரோவே படித்து அழுததாம். நான் படிக்கவில்லை. படிப்பானேன்? அதில் வருகிற வீரனே நான்தான். எழுத்தாளர் என் பக்கத்தில் நின்றுதானே சாப்பிடுவார்! (ஒரு தடவை. வெங்காயம் கேட்டார்.)

மார்ச் 9
பேசும் வேடம் ஒன்று இருக்கிறதாம். கோட்டு மாட்டிக்கொண்டு முதல் ஆளாய் நின்றேன். இயக்குநர் தேர்ந்தெடுத்தது யாரை? ஜின்ஹுமை! எங்கள் சந்தில் இஸ்திரிப் பெட்டியைக் காலால் அழுத்தித் துணி தேய்க்கிறவனை!

மார்ச் 10
வயிறு எரிகிறது. மொச்சை வேகவில்லை போல.

மார்ச் 14
படப்பிடிப்பு. போலீஸ் ஒரு மாணவனை இழுத்துப்போகிறது. ஜின்ஹும் குறுக்கே பாய்ந்து, "அவன் என் புள்ளைய்யா, விடுங்க!" என்று கத்தினான். சப்ரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மூலையில், கூட்டத்தோடு கூட்டமாய் மென்றுகொண்டு அவனையே பார்த்தேன்.

"எப்படி இருந்துச்சு, பதாவி அண்ணே?"

"கத்துறதெல்லாம் நடிப்பாடா? கழுதைகூடத்தான் கத்துது."

சிரித்தான். பாவிக்குக் கோபம்கூட வராது.

டிசம்பர் 1
படம் பார்த்தோம். சந்தே வந்திருந்தது. ஜின்ஹும் கத்தி முடித்ததும் திரை முழுக்க ஒரு முகம் — என் முகம்! அவனை முறைக்கிறது. உடனே படத்தில் போலீஸ் அதிகாரியின் குரல்: "காட்டிக் கொடுத்தவன் அங்கேயேதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்." கொட்டகையே "சீ!" என்றது. தங்கை மகள் இன்சாஃப் கேட்டாள், "மாமா, நீங்களா?"

"பின்னே? இயக்குநர் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு."

அப்படியா பார்த்தேன்? என் கண்ணா அது?

டிசம்பர் 4
கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. "சர்க்கரை கிடைக்கலன்னு பேசாதே, பதாவி நிக்கிறான், போலீஸ்ல போட்டுக் கொடுத்துருவான்" என்று கிசுகிசு. "சினிமாடா அது, நடிப்பு!" என்றேன்.

சப்ரி கரண்டியை வைத்தார். "உன்னை யாரும் நடிக்கச் சொல்லலைன்னு மார்ச் மாசம் முழுக்க நீதானே புலம்பினே? அப்ப அது நிஜ மூஞ்சி."

பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நான்!

டிசம்பர் 5
போகவில்லை. வீட்டில் வெறும் ரொட்டி.

டிசம்பர் 7
ஜின்ஹும் வீட்டுக்கே வந்து இழுத்துப்போனான். கடை நடுவில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "சர்க்கரை எங்கேடா, திருட்டு மந்திரிப் பசங்களா! அண்ணே, போய்ச் சொல்லு, என் பேரையும் சேர்த்துச் சொல்லு!" என்றான். முதலில் சப்ரி சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். யாரோ சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், என் காதுபடவே.

"அண்ணனுக்கு ஒரு தட்டு, எண்ணெய் தாராளமா!" என்று சந்து முனை வரைக்கும் கேட்கக் கத்தினான் ஜின்ஹும்.

நல்ல குரல்தான்.