தகரத்துக்குப் பின்னால்

கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போனவருக்கு,

குளிருக்கு மூட்டும் விறகடுப்பை நகர்த்திவிட்டேன்.

"அடுப்புக்குப் பின்னாடி தகரம் அடிச்சாச்சு, இனிமே சுவருக்கு ஒண்ணும் ஆகாது" என்று மார்தட்டினீர்களே, அந்தத் தகரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். காற்றுப் போக ஒரு விரல் இடைவெளிகூட விடாமல் பலகைச் சுவரோடு ஒட்டி அடித்திருக்கிறீர்கள். பின்னால் பலகை கரியாகிக் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் நம் மகளின் கட்டில்.

புகைக்குழாய்க்காரர் வந்து அடுப்பை மூன்றடி தள்ளி வைத்தார். ஆமாம், உங்கள் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில்தான். நாற்காலி வாசலில் கிடக்கிறது.

"அடுப்பை நகர்த்தினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றீர்கள். வந்தால் தரையில் உட்காருங்கள். அடுப்பு இனி நகராது.

மகள்தான் குறைபட்டுக்கொண்டாள்: "சுவர் இப்பல்லாம் கதகதப்பாவே இல்லம்மா."

இல்லைதான். இருக்கவும் விடமாட்டேன்.

அவளுடைய அம்மா