கார்புரேட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு

மார்ச் 4, செவ்வாய்

கேட்காமலே உதவிக்கு வருகிற ஒரு மனிதர் எதற்காக வருகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் பத்தொன்பது வருடமாக என் வேலை. மனிதர்களை ஊற்றிப் பார்க்க ஒரு சோதனைக்குழாய் இல்லை.

கார் சூடானதும் நின்றுவிடுகிறது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். பாதி வழியில், சிக்னலில் நிறுத்தியதும், குலுங்கி அணைந்துவிடும். முப்பது வயதான கார். தங்கை இதை 'அவரிடம்' சொல்லிவிட்டாள். நாளை வந்து பார்க்கிறாராம்.

அவர் மெக்கானிக். நாலு தெரு தள்ளிப் பட்டறை. தங்கை வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தவர். மாதத்துக்கு ஒரு முறை வாங்க வேண்டியதை வாரம் ஒரு அட்டையாக வாங்க ஆரம்பித்தபோதே சொன்னேன், இது வேறு அழுத்தம் என்று. சிரித்தாள். இப்போது கல்யாணப் பேச்சில் வந்து நிற்கிறது. அவளுக்கு நாற்பத்து மூன்று. கணவர் போய் ஆறு வருடம். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள்.

"நீ சரின்னு சொன்னா சரிக்கா. இல்லன்னா விட்டுடலாம்" என்கிறாள். விட்டுவிடு என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்கிறாளா?

மார்ச் 5, புதன்

வந்தார். என்னை 'மேடம்' என்கிறார். செருப்பை வாசலில் ஒழுங்காக, ஜோடியாகக் கழற்றி வைத்தார். நல்லவர் என்று காட்டிக்கொள்ளவோ என்று தோன்றியது. இப்படியெல்லாம் தோன்றுவது என் வியாதி.

பானட்டைத் திறந்து, மேலே இருந்த காற்று வடிகட்டிப் பெட்டியின் நட்டை விரலாலேயே சுழற்றி எடுத்தார். அடியில் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான். அதில் குறுக்கே போகும் சின்னக் கம்பி ஒன்றை விரலால் அசைத்துக் காட்டினார்.

"ஆடுது பாருங்க மேடம். இந்த சந்துல காத்து உள்ள போகுது, அதான் நிக்குது. ஆடற பல்லுக்கு மருந்து கிடையாது. புடுங்கித்தான் ஆகணும்."

இந்த மாடலுக்குப் புதிதாக எதுவும் இப்போது வருவதில்லையாம். பிரித்துப் போட்ட வேறு காரிலிருந்து நல்லதாக ஒன்று தேடிப் பார்க்கிறேன் என்றார்.

"மாத்தினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை என்னை முறைத்தாள். அவர் முறைக்கவில்லை. "வண்டி சொல்லும் மேடம்" என்றார்.

பழையதை என்னிடம் திருப்பித் தர வேண்டும் என்றேன். தாராளமாகத் தருகிறேன் என்றார்.

அவர் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனார். தங்கை துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. உள்ளே ஓடி, அவளுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து, கார்புரேட்டரின் பின்பக்கம், சட்டென்று கண்ணில் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் முத்திரை பார்த்தே பழகிய கை. இவர் பழையதையே கழுவி மாட்டிவிட்டு, மாற்றிவிட்டேன் என்றால், பொட்டு காட்டிக் கொடுக்கும்.

நாற்பத்தொன்பது வயதில், சொந்த வீட்டு வாசலில், திருடி மாதிரி மூச்சு வாங்க நின்றேன்.

மார்ச் 8, சனி

கிடைத்துவிட்டதாம். மூன்றே நாளில். எங்கும் கிடைக்காத பொருள் அவருக்கு மட்டும் எப்படி மூன்று நாளில் கிடைக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

காரைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பட்டறை சுத்தமாக இருக்கிறது. கழற்றிய திருகுகளைத் தனித்தனி மூடிகளில் போட்டு, எந்த வண்டியுடையது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் ஆய்வகத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

தங்கைக்குப் பிடித்ததே இதுதான் போலிருக்கிறது. "ஒரு நட்டக்கூட ரெண்டு தரம் பாப்பாருக்கா" என்பாள். அவள் கணவர் நேர் எதிர். எல்லாவற்றையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர். நெஞ்சுவலியையும் அப்படித்தான் தள்ளிப்போட்டார்.

மார்ச் 14, வெள்ளி

கார் வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது. சிக்னலில் நிறுத்தினால் ஓடுகிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு அமைதி.

பழையதைக் கழுவி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

பொட்டு இல்லை.

மார்ச் 15, சனி

இரண்டு வழிதான். எங்களுடையதைக் கழுவி மறுபடி வண்டியிலேயே மாட்டிவிட்டு, ஏதோ ஒரு பழைய சாமானை என் கையில் கொடுத்திருக்கிறார். அல்லது எங்களுடையதை வேறு யாருக்கோ மாட்டிவிட்டார். எப்படிப் பார்த்தாலும் ஏமாற்று.

தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் சான்று வேண்டும். நாளை அவளுக்குக் கடை உண்டு, எனக்கு விடுமுறை.

மார்ச் 16, ஞாயிறு

திறந்தேன்.

பெட்டியின் நட்டு விரலுக்கு அசையவில்லை. குறடு வைத்துத் திருகினேன். பெட்டியைத் தூக்கும்போது எங்கோ சிக்கியது. கொஞ்சம் இழுத்ததும் வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்டியில் இருப்பதிலும் பொட்டு இல்லை.

ஆக, இதிலும் இல்லை, அதிலும் இல்லை. அப்படியென்றால்?

நடைபாதைக் கல்லில் அப்படியே உட்கார்ந்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. பழையதை ஏன் கழுவினீர்கள் என்று வெள்ளிக்கிழமை நானே கேட்டேனே. "வீட்டுக்குள்ள பெட்ரோல் நாறும், அதான் தின்னர்ல கழுவிட்டேன்" என்றாரே. தின்னரில் நகப்பூச்சு நிற்குமா? கரையாதா? முதல் வருட மாணவிக்குத் தெரியும். அசிட்டோன் பாட்டிலுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியவில்லை. படித்தவள் பாட்டைக் கெடுத்தாள் என்பார்கள்.

என் பொட்டு எதையும் நிரூபிக்காது. அவர் நல்லவர் என்றும் நிரூபிக்காது, அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் பழையபடி மூடினேன். நட்டைக் குறடாலேயே இறுக்கினேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று காரைத் தங்கை எடுத்துப் போனாள். நாற்சந்தியின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் கையகல தூரத்தில் வந்து நின்றதாம். ஓட்டுநர் இறங்கி வந்து திட்டினாராம். நாலு பேர் தள்ளி ஓரம் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் போனில் சொன்னாள்.

பயந்துவிட்டேன். அது உண்மை. பயத்துக்கு அடியில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது, அதுவும் உண்மை. "பாத்தியா?" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சாயந்திரம் அவர் வந்தார். பானட்டைத் திறந்தார். பெட்டியின் நட்டில் கை வைத்தவர் நிறுத்தினார். கட்டைவிரலால் அதைத் தடவினார். குறட்டின் பல் பதிந்திருந்தது எனக்கே தெரிந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே பார்த்தார். கருப்பு ரப்பர் குழாய் ஒன்று கழன்று தொங்கியது. நான் இழுத்தபோது சிக்கியது அதுதான்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடி, அவ்வளவுதான். பிறகு தங்கையிடம் சொன்னார்: "எம்மேலதான் தப்பு. ஹோஸ சரியா சொருகல. மன்னிச்சுக்கோங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. குழாயைச் சொருகி, ஓட்டிக் காட்டிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னார்? என்னைக் காப்பாற்றவா, கடன்காரியாக்கவா? கண் இமைக்காமல் பொய் சொல்ல வருகிறதே, இது முதல் பொய்யாகவா இருக்கும்? — பாரு, இப்பவும் அவரத்தான் தோண்டிட்டு இருக்கேன். குழாய இழுத்துவிட்டது யாரு? பஸ்ஸுக்கு முன்னாடி அவள நிறுத்தினது யாரு?

மார்ச் 18, செவ்வாய்

சாப்பிடும்போது தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வேணாம்னு சொல்லிடறேன்க்கா."

ஏன் என்றேன், தெரியாதவள் மாதிரி.

"கவனமா இருக்கறவருன்னு நெனச்சேன். அது ஒண்ணுதான் நான் பாத்தது. இவரும் அந்த மாதிரின்னா… இன்னொரு தடவ என்னால முடியாது."

நான் கேட்ட பதில் என் கைக்கே வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அவள் இங்கேயே இருப்பாள். காலையில் இரண்டு டம்ளர் காபி, சாயந்திரம் இரண்டு பேர் சண்டை, எல்லாம் அப்படியே இருக்கும்.

அவரைச் சந்தேகப்பட்டேனா, அல்லது அவள் போய்விடுவாளே என்றுதான் காரணம் தேடினேனா?

நாளைக் காலை சொல்லிவிடுவேன். சொல்வேனா? சொல்ல வேண்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19, புதன்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பல் தேய்த்துவிட்டு வந்தவளைக் குளியலறை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். நகப்பூச்சு, குறடு, குழாய், எல்லாம். அவள் ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

"நகப்பாலிஷா? அதான் மூடி சரியா மூடாம காஞ்சு கிடந்துதா?"

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பஸ் எவ்வளவு கிட்டத்தில் வந்தது தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். தெரியாது என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சாயந்திரம் வந்தாள். கோபம் குறையவில்லை, பாதி அவர் பக்கம் திரும்பியிருந்தது. மத்தியானம் பட்டறைக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறாள்.

"நீ சந்தேகப்பட்டே, அது உன் பிறவிக்குணம். அவரு எதுக்கு எங்கிட்ட பொய் சொன்னாரு? நான் என்ன சின்னக் குழந்தையா, எனக்குத் தெரியாம நீங்க ரெண்டு பேரும் மூடி மறைக்க?"

உன் அக்காவை உன் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்றேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்றேன். நட்டைத் தடவிய அந்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அது கவனமில்லாத ஆள் செய்கிற காரியமா என்றேன். குரல் உயர்ந்துவிட்டது எனக்கு.

"இப்ப நீ யாருக்கு அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேவைக்கு மேலேயே சத்தம்.

கூடத்தில் நின்று அவருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "மேடம், வண்டி மறுபடி நின்னுடுச்சா?" என்றார்.

"வண்டி ஓடுது. ஞாயித்துக்கிழம மதியம் சாப்பிட வாங்க."

"அவங்க கூப்பிடச் சொன்னாங்களா?"

"இல்ல. அவ இன்னும் கோவமாத்தான் இருக்கா. நான்தான் கூப்பிடறேன். ஏன் பொய் சொன்னீங்கன்னு மறுபடியும் கேப்பா, பதில் யோசிச்சுட்டு வாங்க."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை.