ஷைனியின் கிறிஸ்மஸ் கவுனுக்கு அளவு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

டிசம்பரில் கம்பெனியில் மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் ஷைனியின் கிறிஸ்மஸ் கவுனுக்கு இப்போதே துணி எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஜார் டெய்லரிடம் போனேன். அளவு கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்று சொல்லி, கடைசியாக ஊருக்கு வந்தபோது பார்த்த நினைப்பில் என் இடுப்பில் கைவைத்துக் காட்டினேன்.

"இன்னாம்மா, அஞ்சாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு இம்மாந்தான் இருக்குமா?" என்று சிரித்தார்.

அவள் குள்ளம் என்று சொல்லிவிட்டேன் அம்மா. பெற்றவள் பேசுகிற பேச்சா அது? வெட்கத்தில் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளிடம் காரணம் சொல்லாமல் தோள், இடுப்பு அளவெடுத்து எழுதுங்கள். உயரத்துக்கு மட்டும் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை ஒரு நூலைப் பிடித்து, அறுத்து, கவரில் வைத்து அனுப்புங்கள். அவள் எனக்கு எதுவரை வருகிறாள் என்று பார்த்துக்கொள்கிறேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஜெபக்கனி